விதையைச் சமைத்துவிட்ட மருமகன்

கிளிநொச்சியில் உயர்தரப் பரீட்சையை முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் அக்காவின் மகன், "மாமா, இதில என்ன செய்யிறதெண்டே விளங்கேல்லை" என்று மடிக்கணினியை என் முன்னே வைத்தபோது, ஏழு குள்ளர்களுடன் தொடங்கிய அவனது கோட்டையில் மூவரே பட்டினியோடு மிஞ்சியிருந்தனர். விளையாட்டு, டுவார்ஃப் ஃபோர்ட்ரஸ்: குள்ளர் கூட்டமொன்றைக் கோட்டை கட்டி வாழவைக்கும் கணினி விளையாட்டு.

2006 இல் அது முதன்முதலாக வெளிவந்தபோது திரை முழுவதும் எழுத்துகளும் குறியீடுகளுமே இருந்தன. அந்தக் காலத்தில் விசைகளை மனனம் செய்து பழகிய எனக்கு, 2022 டிசம்பரில் ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் வந்த பதிப்பின் படங்களும் பயிற்சிப் பகுதியும் பெரும் சலுகையாகவே தோன்றியதால், "நாங்கள் பட்ட பாடு தெரியுமோ" என்று தொடங்கிவிட்டேன். பழைய விளையாட்டாளர்களிடம் நான் மிகவும் வெறுக்கும் பழக்கம் இதுதான். அவன் முகம் சுருங்கிவிட்டது.

உண்மையில் அவன் செய்தது ஒரேயொரு பிழை. அறுவடைக் காளான் அனைத்தையும் சமையலுக்கு அனுப்பியிருந்தான்; அந்த விளையாட்டில் காளானைச் சமைத்தால் விதை மிஞ்சாது, பச்சையாக உண்டாலோ மதுவாக வடித்தாலோதான் விதை திரும்பக் கிடைக்கும்.

"விதைநெல்லை அவிச்சுப்போட்டியேடா" என்றேன்.

இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்யும் வீட்டுப் பிள்ளைக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. சமையலைத் தடைசெய்யும் இடத்தைத் தானே தேடிப் பிடித்தான்.

இன்று காலை நிலத்தடி நீர்ப்படையைத் துளைத்துக் கோட்டைக்குள் வெள்ளம் விட்டிருக்கிறான். என்னைக் கூப்பிடவில்லை, சிரித்தபடி அடுத்த ஏழு பேரை ஆயத்தப்படுத்திக்கொண்டிருக்கிறான்.