கொட்டும் முடிக்கு மூன்று மாதம் பின்னால் போய்ப் பாருங்கள்

முடி கொட்ட ஆரம்பித்ததும் முதலில் மாற்றுவது ஷாம்பூ, அடுத்தது எண்ணெய். பெரும்பாலும் இரண்டும் வீண்செலவு. ஒரு முடி வளர்வதை நிறுத்தி ஓய்வுக்குப் போனபின், கழன்று விழ ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். தை மாதத்தில் சீப்பில் கொத்தாக வருகிறதென்றால் ஐப்பசியில் நடந்ததை யோசிக்க வேண்டும். டெங்கு, டைபாய்டு மாதிரி கடும் காய்ச்சலா, பிரசவமா, ஆபரேஷனா, இல்லை எடை குறைக்க இரவுச் சாப்பாட்டை நிறுத்தினீர்களா? அந்த வாரத்தைக் கண்டுபிடித்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். பழகிய ஷாம்பூவைக் குறை சொல்லவும் வேண்டியிருக்காது.

ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி வரை விழுவது எல்லோருக்கும் உள்ளதுதான். வாரம் ஒருமுறை தலைக்குக் குளிப்பவர்களுக்கு ஒரு வாரக் கணக்கு மொத்தமாகக் கையில் வரும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சந்தேகமிருந்தால் சுமார் 60 முடியைச் சேர்த்துப் பிடித்து, வேரிலிருந்து நுனிவரை மெதுவாக உருவுங்கள். ஆறுக்கு மேல் கையோடு வந்தால் கொட்டுகிறது என்று அர்த்தம். வந்த முடியின் அடியில் வெள்ளையாகக் கடுகளவுகூட இல்லாத ஒரு குமிழ் இருக்கும். குமிழ் இல்லாமல் துண்டு துண்டாக இருந்தால் அது உடைந்த முடி.

உடைவதற்குச் சேலத்தில் கைகாட்ட வசதியாக ஒன்று இருக்கிறது: போர் தண்ணி. உப்புத் தண்ணி முடியைச் சொரசொரப்பாக்கும், சிக்கு விழும், வாரும்போது அறுந்துபோகும். ஆனால் வேரோடு பிடுங்காது. தலைக்குக் குளிக்கும் நாளில் கடைசி இரண்டு சொம்பு மட்டும் காவிரித் தண்ணி ஊற்றினால் போதும். குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் தேங்காய் எண்ணெய் தடவினால் உடைவது இன்னும் குறையும். ஏற்காட்டுப் பனியில் முடி சீக்கிரம் காயாது என்று ஈரத்தோடு இழுத்துப் பின்னுவதும் உடைவதற்கு ஒரு காரணம். நனைந்த முடிக்கு வலு குறைவு.

குமிழோடு வருகிறதென்றால் அடுத்தது ரத்தப் பரிசோதனை. ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், தைராய்டுக்கான டி.எஸ்.எச் மூன்றும் முக்கியம். சைவம் மட்டும் சாப்பிடுபவர்கள் பி12 சேர்த்துப் பார்க்கலாம். ஹீமோகுளோபின் 12 இருந்தால் "ரத்தம் நல்லா இருக்கு" என்று அனுப்பிவிடுவார்கள். ஆனால் உடம்பு முதலில் செலவழிப்பது சேமிப்பு இரும்பைத்தான், அந்த இருப்பைக் காட்டுவது ஃபெரிட்டின். 15-க்குக் கீழ் என்றால் இருப்பு காலி. முடிக்காக 40-க்கு மேல் இருக்கட்டும் என்று பல தோல் மருத்துவர்கள் பார்ப்பார்கள். இங்கே இரண்டு இடத்தில் ஏமாறலாம். காய்ச்சலோடோ, காய்ச்சல் விட்ட சூட்டிலோ எடுத்தால் ஃபெரிட்டின் பொய்யாக ஏறிக் காட்டும். சில வாரம் கழித்து எடுங்கள். முடிக்கென்று விற்கும் பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்களுக்குத் தைராய்டு முடிவு தப்பாக வரும், இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்திவிட்டு ரத்தம் கொடுங்கள்.

இனி சாப்பாடு. பக்கத்துக் கஞ்சமலை முழுக்க இரும்புத்தாது இருக்கிற சேலத்தில் பெண்கள் ரத்தசோகையோடு நடமாடுவது ஒரு வேடிக்கைதான். தட்டில் இரும்பே இல்லை என்று சொல்ல முடியாது, உள்ளே போனதை உடம்பு எடுத்துக்கொள்ள விடாமல் செய்கிறோம். பெரிய குற்றவாளி டிபன் முடித்த கையோடு குடிக்கும் ஃபில்டர் காபி. சாப்பாட்டோடு ஒரு கப் காபி குடித்தால் இரும்பு உறிஞ்சப்படுவது சுமார் 40 சதவீதம் குறையும், டீ என்றால் 60 சதவீதத்துக்கும் மேல். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தாலும் இதே குறைவுதான். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால் குடித்தால் பாதிப்பு இல்லை. ஏற்காட்டுக் காபியை விடச் சொன்னால் யாரும் கேட்கப் போவதில்லை, அதனால் நேரத்தை மட்டும் மாற்றுங்கள்: காலை ஆறரைக்குக் காபி, எட்டு மணிக்கு இட்லி. மாலைக் காபியும் மதியச் சாப்பாட்டிலிருந்து இரண்டு மூன்று மணி நேரம் தள்ளியே இருக்கட்டும்.

இரும்புக்கு பீட்ரூட், மாதுளை என்று சிவப்பைப் பார்த்து வாங்குபவர்கள் அதிகம். நிறம்தான் சிவப்பு, இரண்டிலும் 100 கிராமுக்கு ஒரு மில்லிகிராம்கூடத் தேறாது. அதே எடை முருங்கைக்கீரையில் நாலரை, கம்பில் ஆறுக்கு மேல். கேழ்வரகில் இரும்பு கம்பைவிடக் குறைவு, அதன் பெருமை கால்சியத்தில். ஒரு பெண்ணுக்கு ஒரு நாள் தேவை என இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்) 2020-ல் சொன்னது 29 மில்லிகிராம். செடி வழி வரும் இரும்பில் உடம்பு எடுப்பது சிறு பங்குதான். எனவே கூடவே புளிப்பு வேண்டும். கீரையை இறக்கியபின் அரை எலுமிச்சம்பழம் பிழியுங்கள், அடுப்பில் இருக்கும்போது பிழிந்தால் வைட்டமின் சி சூட்டில் வீணாகும். சீசனில் கொய்யாவோ நெல்லிக்காயோ சாப்பாட்டோடு கடித்துக்கொள்ளலாம். அசைவம் சாப்பிடுபவர்களுக்குக் குறுக்குவழி ஆட்டுச் சுவரொட்டி, அதாவது மண்ணீரல். ஈரலைவிடப் பல மடங்கு இரும்பு, அதுவும் சுலபமாகச் சேரும் வகை. கறிக்கடையில் முதல் நாளே சொல்லி வைக்காவிட்டால் கிடைக்காது.

புளிக்குழம்பை இரும்புச் சட்டியில் வைப்பதும் பலன் தரும். புளிப்பு பட்டு இரும்பு கொஞ்சம் குழம்பில் இறங்கும். கொதித்ததும் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள், சட்டியிலேயே விட்டால் கறுத்து, துருவாடை அடிக்கும். எவர்சில்வரில் இந்த லாபம் கிடையாது.

புரதத்தில்தான் நம்மூர்த் தட்டு அதிகம் தோற்கிறது. காய்ச்சல் வந்தால் இங்கே முதலில் காய்ச்சுவது ஜவ்வரிசிக் கஞ்சி. சீக்கிரம் செரிக்கும், சரி. ஆனால் அது வெறும் மாவு, 100 கிராம் ஜவ்வரிசியில் ஒரு கிராம் புரதம்கூட இல்லை. முடியோ முழுக்கப் புரதம். காய்ச்சல் விட்ட பிறகும் இரண்டு வாரம் கஞ்சியிலேயே ஓட்டினால் மூன்று மாதம் கழித்துச் சீப்பில் தெரியும். 55 கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 45 கிராம் புரதம் வேண்டும். மூன்று இட்லியில் 6, கூட ஒரு கரண்டி சாம்பாரில் 3. மதியம் சோற்றில் 6, 30 கிராம் துவரம்பருப்பில் 6, ஒரு கிண்ணம் தயிரில் 3, ஒரு முட்டையில் 6. மாலையில் 30 கிராம் கொள்ளுச் சுண்டலில் 6. இரவு இரண்டு தோசையும் நிலக்கடலைச் சட்னியும் 10 தரும். கூட்டினால் 46. முட்டை, சுண்டல், கடலை, பருப்பு நான்கையும் எடுத்துவிட்டால் 25 தேறுவதே கஷ்டம். நிறையப் பேர் அங்கேதான் நிற்கிறார்கள். சேலத்து மாலை நொறுக்குத் தீனியான தட்டுவடை செட்டை விட வேண்டாம், சுண்டல் சாப்பிட்டபின் சாப்பிடுங்கள். கொள்ளும் கடலையும் செவ்வாய்ப்பேட்டைக் கடைவீதியில் மாதத்துக்கு மொத்தமாக வாங்கி வைத்தால் சாக்குச் சொல்ல வழியிருக்காது.

ஃபெரிட்டின் ரொம்பக் குறைவென்றால் சாப்பாடு மட்டும் போதாது, டாக்டர் எழுதும் மாத்திரை வேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டால் உறிஞ்சும் விகிதம் கூடும், வயிற்றுப் பிரச்சினையும் குறையும், இதை அவரிடம் கேட்டுப் பாருங்கள். பால், காபி, கால்சியம் மாத்திரை கூடச் சேராது. தைராய்டு மாத்திரைக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். குமட்டினால் இரவுச் சாப்பாடு முடிந்து இரண்டு மணி நேரம் கழித்துப் போடலாம். மலம் கறுப்பாகப் போகும், அது சகஜம். பலர் தோற்பது ஹீமோகுளோபின் ஏறியதும் மாத்திரையை நிறுத்துவதில். இருப்பு நிறைய அதற்குப் பிறகும் மூன்று மாதம் ஆகும். ஹீமோகுளோபின் குறைந்தும் ஃபெரிட்டின் சரியாக இருந்தால் தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறைபாட்டின் லேசான சாயலாக இருக்கலாம், அப்போது டாக்டரைக் கேட்காமல் இரும்பு மாத்திரை எடுக்கக் கூடாது. மாதவிடாயில் அதிக ரத்தம் போனாலோ, வெறுங்காலோடு தோட்ட வேலை செய்து கொக்கிப்புழு ஏறியிருந்தாலோ அதை முதலில் பாருங்கள். ஓட்டைக் குடத்தில் எவ்வளவு ஊற்றினாலும் தங்காது.

முதல் இரண்டு மாதம் ஒன்றும் தெரியாது. ஏற்கெனவே ஓய்வுக்குப் போன முடி விழுந்துதான் தீரும், இங்கே மனம் தளர்ந்து பலர் அடுத்த எண்ணெய்க்குத் தாவுகிறார்கள். மூன்றாம் மாதத்திலிருந்து விழுவது குறையும். முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும், கண்ணாடியில் தெரிய ஆறு மாதம் ஆகும். வகிடு அகன்றுகொண்டே போனாலோ, மாதவிடாய் தள்ளிப்போய்த் தாடையில் முடி முளைத்தாலோ சாப்பாட்டை நம்பிக் காத்திருக்காமல் தோல் மருத்துவரைப் பாருங்கள். சேலம் அரசு மருத்துவமனையிலும் அந்தப் பிரிவு உண்டு.

நெற்றியோரம் குட்டையாகக் குத்திட்டு நிற்பவை புதிதாக முளைத்தவை. அவற்றைப் படிய வாரி, பூ வைக்க இறுக்கிக் கட்டாதீர்கள். கொஞ்ச நாள் தளர்வான பின்னலே போதும்.