மீனுக்காக அடைத்த கலிங்கு

பாசன ஏரியில் ஆண்டுக்கு ஒருமுறையாவது நீர் இறங்கும். உட்கரை வெளியே தெரியும், மராமத்தும் பார்க்கலாம். படகுக்கும் மீன்பிடிக்கும் வைத்திருக்கும் தனியார் ஏரியோ எந்நாளும் தளும்ப நிற்க வேண்டும். இல்லையென்றால் உரிமையாளருக்கு அழகில்லை. தனியார் பொழுதுபோக்கு அணைகளில் நேரும் கேடுகளில் பல இங்கேதான் தொடங்குகின்றன. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் இருந்த சவுத் ஃபோர்க் மண் அணை இதற்குச் சாட்சி. 72 அடி உயரமுள்ள அதைச் சிறிய அணை என்று சொல்ல முடியாது. ஆனால் பத்தடிக் கரையும் உடைவது அதே காரணங்களால்தான்.

கால்வாய்ப் போக்குவரத்துக்கு நீர் தருவதற்காக மாநில அரசு கட்டி, 1853-ல் முடித்த அணை அது. களிமண்ணை அடுக்கடுக்காகப் போட்டு, நீர் விட்டு இறுக்கியிருந்தார்கள். அடியில் கல் மதகு. அதனுள் இரண்டடி விட்டத்தில் ஐந்து வார்ப்பிரும்புக் குழாய்கள். 1862-ல் மதகுப் பகுதி இடிந்து கரை உடைந்தது. அப்போது ஏரியில் நீர் குறைவாக இருந்ததால் கீழே பெரிய சேதமில்லை. பின்னர் அதை வாங்கிய ஒருவர் குழாய்களைக் கழற்றிப் பழைய இரும்பாக விற்றுவிட்டார். 1879-ல் பெஞ்சமின் ரஃப் வாங்கி, பணக்காரர்களின் மீன்பிடி கிளப்புக்காக உடைப்பை அடைத்தார். மண், கல்லோடு மரக்கிளை, வைக்கோல், குதிரைச் சாணம் எல்லாம் உள்ளே போயின. குழாய்களைத் திரும்ப வைக்கவே இல்லை.

நான்கு தவறுகளில் இதையே முதன்மையாகச் சொல்வேன். மதகு இல்லாத அணையில் கசிவைக் கண்டாலும் ஒன்றும் செய்ய வழியில்லை. நீரை இறக்கினால்தானே பழுது பார்க்க முடியும்? 1880-ல், அணைக்குக் கீழே இருந்த கேம்ப்ரியா இரும்பாலையின் தலைவர் டேனியல் மோரல் அனுப்பிய பொறியாளர் ஜான் ஃபுல்டன் இதைத்தான் எழுதினார்: நீரை வெளியேற்றக் குழாய் இல்லை, அடைப்பு வேலை உறுதியாக இல்லை, பெரிய கசிவு புதுக்கரையை அரிக்கிறது. ஆபத்து எதுவும் இல்லை என்று ரஃப் பதில் எழுதினார். செலவில் பங்கு தர மோரல் முன்வந்தும் பயனில்லை.

அடுத்தது கரையின் உச்சி. இரண்டு குதிரை வண்டிகள் எதிரெதிரே போவதற்காக அதை மூன்றடி வரை வெட்டித் தாழ்த்தினார்கள். மூன்றடிதானே என்று தோன்றும். ஆனால் உச்சி தாழ்ந்தால், உபரி நீர் வழியும் கலிங்கில் நீர் ஏறக்கூடிய ஆழமும் குறையும். கலிங்கில் ஓடும் நீர், ஆழத்தின் 1.5 அடுக்கை (power) ஒட்டிக் கூடும். ஆழம் பாதியானால் வெளியேறும் நீர் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும். 2016-ல் வெளியான ஓர் ஆய்வு, முதல் வடிவமைப்பில் இரண்டு கலிங்குகள் வழியாக விநாடிக்கு 200 கன மீட்டருக்கு மேல் போயிருக்கும், உச்சியைத் தாழ்த்தியதும் குழாய்களைத் திரும்ப வைக்காததும் சேர்ந்து அணை பாதுகாப்பாக வெளியேற்றும் அளவைப் பாதியாக்கின என்று கணக்கிட்டது. மேற்கு முனையில் இருந்த இரண்டாவது கலிங்கு பயனற்றுப் போனதற்கும் இந்த வெட்டுதான் காரணம்.

மூன்றாவது, அடைப்புப் பகுதி அமுங்கி, கரையின் நடுப்பகுதி தாழ்ந்தது. மண் கரை நாளாக நாளாக அமுங்கும் என்பதால், நடுவில் சற்று உயர்த்தியே கட்டுவது வழக்கம். நடு தாழ்ந்தால், வழியும் நீர் கரை மிக உயரமான இடத்திலேயே விழும். கண்ணால் பார்த்து இதைச் சொல்ல முடியாது. மட்டக்கருவியை வைத்து, உச்சியில் பத்து மீட்டருக்கு ஒரு புள்ளியாக ஆண்டுக்கு ஒருமுறை அளந்து எழுதி வையுங்கள்.

நான்காவது, மீன் வலை. வாங்கி விட்ட மீன்கள் தப்பாமலிருக்கக் கலிங்கின் குறுக்கே இரும்பு வலை போட்டிருந்தார்கள். 1889 மே 31 அன்று பெருமழையில் அடித்து வந்த கிளைகளும் குப்பையும் அதில் அடைத்தன. நீர் ஏறிய பிறகு வலையைப் பிடுங்கப் பார்த்தார்கள், முடியவில்லை. மேற்கு முனையில் புது வாய்க்கால் வெட்டினார்கள்; கெட்டித் தரை இடம் கொடுக்கவில்லை. நீர் கரைமேல் வழிந்து, பிற்பகல் மூன்று மணியையொட்டி அணை போனது. சுமார் 1.45 கோடி கன மீட்டர் நீர். 14 மைல் கீழே இருந்த ஜான்ஸ்டவுன் நகரிலும் வழியிலிருந்த ஊர்களிலும் சேர்த்து 2,209 பேர் இறந்தார்கள். மீன் போனால் மீண்டும் விட்டுக்கொள்ளலாம். கலிங்கில் வலை, பலகை, மணல் மூட்டை எதையும் வைக்காதீர்கள்.

உங்கள் பொறுப்பில் ஒரு கரை இருந்தால் வெளிச்சரிவின் அடியிலிருந்து தொடங்குங்கள். கசிவு இருப்பதே குற்றமில்லை. ஒரு வாளியை வைத்து, நிறைய எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். ஏரியின் நீர்மட்டத்தையும் கூடவே குறியுங்கள். மட்டம் மாறாமல் கசிவு கூடினாலோ, தெளிந்த நீர் கலங்கினாலோ உள்ளே மண் அரிபடுகிறது, அன்றே பொறியாளரை அழையுங்கள். வெளிப்பக்கம் களிமண்ணை அப்பி அடைப்பது பலர் செய்யும் தவறு. அழுத்தம் உள்ளே தேங்கி நீர் வேறிடத்தில் பிய்த்துக்கொள்ளும். கசியும் இடத்தில் முதலில் மணல், அதன்மேல் பொடிஜல்லி, அதன்மேல் பெரிய கல் என்று வடிகட்டி போல அடுக்கினால் நீர் போகும், மண் நிற்கும். கூடவே மதகைத் திறந்து நீரை இறக்குங்கள். நெருக்கடி இல்லாதபோது நாளுக்கு ஓரடிக்கு மேல் இறக்க வேண்டாம். வேகமாக இறக்கினால் ஊறிய உட்சரிவு சரியும்.

கரையில் மரம் வளரவிடாதீர்கள். பெரிய மரம் பட்டால் வேர் மக்கி நீருக்குப் பாதை ஆகும். எலி, நண்டு வளைகளைத் தோண்டி, களிமண் இட்டு இறுக்குங்கள். உடைப்பை அடைக்கும்போது பழைய கரையைப் படிப்படியாக வெட்டிப் புதுமண்ணை அதில் கோக்க வேண்டும். ஓர் அடுக்கு 15 முதல் 20 சென்டிமீட்டர், ஈரம் பார்த்து, உருளை ஓட்டி. இலை தழை எதுவும் கலக்கக் கூடாது.

மதகுக் கதவை ஆண்டுக்கு இரண்டு முறையாவது திறந்து மூடிப் பாருங்கள். கரைக்குக் கீழே குடியிருப்போரின் தொலைபேசி எண்களை எழுதி மதகடியிலும் வீட்டிலும் ஒட்டுங்கள். அன்று சவுத் ஃபோர்க்கிலிருந்து எச்சரிக்கைத் தந்திகள் போகத்தான் செய்தன. ஆண்டுதோறும் அணை உடையப் போகிறது என்று கேட்டுப் பழகிய ஊரில் பலர் வீட்டை விட்டு நகரவில்லை. எந்த நீர்மட்டத்தில் யார் யாரை அழைப்பது, எந்த மேட்டுக்குப் போவது என்பதைக் கோடையிலேயே அவர்களோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்துவிடுங்கள்.