அலையைவிடத் தரைதான் தலைவலி

சுனாமி மாடலிங், அதாவது சுனாமியைக் கணினியில் கணக்கிட்டுப் பார்ப்பது என்றால், திரையில் ராட்சத அலைகளை ஓடவிடுகிற வேலை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். எங்கள் குழுவில் புதிதாகச் சேருகிறவருக்கு முதலில் கொடுப்பது அசையாத தண்ணீர். கீழே மேடும் பள்ளமுமான தரை, மேலே காற்றில்லை, நிலநடுக்கம் இல்லை. ரன் போட்டுவிட்டு டீ குடித்து வந்து பார்த்தால் தண்ணீர் அப்படியே கிடக்க வேண்டும். பல கணினி நிரல்களில் கிடக்காது. மேட்டைச் சுற்றி மெல்லிய ஓட்டம் ஒன்று தானாகக் கிளம்பியிருக்கும்.

ஆழம் குறைந்த நீரோட்டத்துக்காகப் பிரெஞ்சுப் பொறியாளர் சான்-வெனான் 1871-இல் எழுதிய சமன்பாடுகளில்தான் இந்த நிரல்கள் ஓடுகின்றன; அவற்றில் கோளாறு இல்லை. நீரின் அழுத்தம் ஒரு பக்கம் தள்ளும், தரைச்சரிவு மறுபக்கம் தள்ளும். அசையாத நீரில் இரண்டும் சரிசமமாகிவிட வேண்டும். கணினி இரண்டையும் தனித்தனி வழியில் கணக்கிட்டால் கொஞ்சம் மிச்சம் விழும். அந்த மிச்சம்தான் போலி அலையாக ஓடுகிறது. அசையாத நீர் கணக்கிலும் அசையக் கூடாது என்பதைப் பெர்முதெஸ், வாஸ்கெஸ் என்ற இரு கணிதவியலாளர்கள் 1994-இல் ஒரு நிபந்தனையாகவே வகுத்தார்கள். சின்ன மிச்சம்தானே என்று விட முடியாது. 2004 டிசம்பர் 26 அன்று இந்தியப் பெருங்கடலுக்கு மேலே போன ஜேசன்-1 செயற்கைக்கோள் நடுக்கடலில் அளந்த சுனாமியே சுமார் 60 சென்டிமீட்டர்தான்.

அலையின் வேகத்தை முடிவு செய்வது ஆழம். 4000 மீட்டர் ஆழத்தில் மணிக்கு 700 கிலோமீட்டருக்கு மேல். 10 மீட்டரில் ஏறக்குறைய 36. முன்பகுதி தயங்க, பின்பகுதி நெருக்க, ஆழம் குறைந்தால் அலை எவ்வளவு உயரும் என்று சொல்லும் கிரீன் விதிப்படி உயரம் சுமார் நாலரை மடங்காகிறது. ஆழம் மாறும் இடத்தில் திசையும் வளையும். சுமத்ராவுக்கு முதுகு காட்டி நிற்கும் கொழும்புக் கரையும் அன்று தப்பாததற்கு இந்த வளைவும் ஒரு காரணம்.

சரி, ஆழத்துக்கு எங்கே போவது? ஆழ்கடலுக்கு ஜெப்கோ (GEBCO) என்ற உலகக் கடலாழத் தரவு போதும். கரையோரத்துக்குக் கடல் வரைபடம்தான் கதி. அது கப்பலுக்காகப் போட்டது. தரை தட்டக் கூடாது என்று தாழ்ந்த ஓதத்திலிருந்து ஆழம் குறித்திருப்பார்கள். நிலத்தின் உயரமோ சராசரிக் கடல்மட்டத்திலிருந்து. இரண்டையும் அப்படியே ஒட்டினால் கரையோரம் நெடுகப் பொய்யாக ஒரு படி முளைக்கும். சென்னைப் பக்கம் அது அரை மீட்டர் அளவு. தெரு எதுவரை நனையும் என்று சொல்ல வேண்டிய இடத்தில் அரை மீட்டர்!

கடற்கரையை ஐந்து மீட்டர் கட்டங்களாகப் பிரித்த கிரிட் என்று பெருமை பேசுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. உள்ளே இருப்பது என்றோ தூரம் தூரமாக அளந்த புள்ளிகளை இழுத்து நிரப்பிய ஆழம் என்றால், கட்டத்தைச் சிறிதாக்கி என்ன பயன்? மீனவர்கள் தினமும் வலை சிக்காமல் விலகிப் போகிற பார் (கடலடிப் பாறை) அதில் தெரியவே தெரியாது. இப்போதெல்லாம் ஒரு ரிப்போர்ட் வந்தால் வண்ணப் படங்களைத் தள்ளிவிட்டு, ஆழத்தை எந்த ஆண்டு அளந்தார்கள் என்றுதான் முதலில் தேடுகிறேன். அந்த வரியே இல்லாத ரிப்போர்ட்டுகள்தான் அதிகம்.