சின்சேயிடமும் போனேன், டாக்டரிடமும் சொன்னேன்

கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தவளைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாம் கேட்பார்கள்: சாப்பாடு இறங்குகிறதா, தூக்கம் வருகிறதா, தையல் ஆறிவிட்டதா. "ஒன்றுக்குச் சரியாகப் போகிறதா?" என்று மட்டும் நம்மவர்களில் ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு அந்த நாட்களில் பெரிய பாடே அதுதான். இந்த ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டு உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணுக்காவது உதவட்டும் என்றுதான் கூச்சப்படாமல் எழுதுகிறேன்.

இது கருப்பையை மட்டும் எடுக்கிற ஆபரேஷன் இல்லை. அதைத் தாங்கிப் பிடிக்கும் தசைநார்கள், சுற்றியுள்ள திசு, யோனியின் மேல்பகுதி, இடுப்பிலுள்ள நிணநீர்க் கணுக்கள் எல்லாவற்றையும் சேர்த்து எடுக்கிறார்கள். சிறுநீர்ப்பைக்குப் போகும் மெல்லிய நரம்புகள் அந்தத் தசைநார்களை ஒட்டித்தான் ஓடுகின்றன. எவ்வளவு பக்குவமாகச் செய்தாலும் சில நரம்புகள் அடிபடும். அப்புறம் பை நிறையும், நிறைந்தது தெரியாது. போய் உட்கார்ந்தால் வராது. முக்கினால் கொஞ்சம் வரும், மீதி உள்ளேயே தங்கிவிடும். தங்கிய நீரில் கிருமி வளரும், நாள்பட்டால் சிறுநீரகம் வரைக்கும் பாதிக்கும்.

ஆபரேஷனின்போது சிறுநீர் வடிய வைத்த டியூபை எடுத்த பிறகு நர்ஸ் அடிவயிற்றில் ஜெல் தடவி, ஒரு சின்ன ஸ்கேன் கருவியை வைத்து எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்ப்பார். 100 மில்லிக்குக் கீழே வந்தால் நிம்மதி என்பார்கள். எனக்கு அதைவிட மிக அதிகமாக இருந்தது. அதனால் நானே மெல்லிய டியூபைச் செருகி நீரை எடுக்கக் கற்றுக்கொடுத்துத்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். கற்றுக்கொடுத்த அந்த நர்ஸின் பொறுமையை நான் மறக்கவே மாட்டேன். பலருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ தானாகத் தேறிவிடும், சிலருக்கு இழுக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

சிங்கப்பூரில் எங்கள் பிளாக்கில் எதிர்வீட்டுச் சீன ஆன்ட்டிதான் முதலில் நேராகக் கேட்டார். மலாயும் ஆங்கிலமும் கலந்து பேசுகிறவர். காரிடாரில் துணி காயப்போட்டுக்கொண்டே, "கெஞ்சிங் போலே?" என்றார், மூத்திரம் போக முடிகிறதா என்று. அழுதுவிட்டேன். மறுவாரமே, "என் சின்சேயிடம் வா" என்று கூப்பிட்டார். சின்சே என்றால் சீன வைத்தியர்.

வீட்டில் ஆளுக்கொரு யோசனை. அத்தை ஏற்கெனவே தேக்காவில் நெருஞ்சி முள்ளும் சிறுபீளையும் வாங்கி வைத்துவிட்டார். என் கணவர், "சீன மருந்தெல்லாம் நமக்கு ஒத்துக்குமா?" என்றார். ஒத்துக்கொள்வதும் கொள்ளாததும் இனத்தைப் பொறுத்தது இல்லை. 1867இல் தொடங்கிய தோங் சாய் மருத்துவ நிலையம் அந்தக் காலத்திலேயே இனம், மதம் பார்க்காமல் ஏழைகளுக்கு இலவசமாக வைத்தியம் பார்த்த இடம். இந்த ஊரில் சின்சே எல்லோருக்கும் பொதுவானவர். ஆனால் பெயர்ப்பலகை வைத்தவர் எல்லாம் சின்சே இல்லை. 2000ஆம் ஆண்டு வந்த சட்டப்படி சீன மருத்துவர்கள் அதற்கான வாரியத்தில் பதிந்திருக்க வேண்டும். பெயரை வாரியத்தின் இணையப் பக்கத்தில் தட்டிப் பார்த்துவிடலாம். நான் பார்த்துவிட்டுத்தான் போனேன். புற்றுநோயையே குணப்படுத்துகிறேன் என்று மருந்து விற்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். அப்படி விளம்பரம் செய்வதே இங்கே சட்டத்துக்கு விரோதம்.

போவதற்கு முன் என் டாக்டரிடம் சொன்னேன். அவர் முகம் சுளிக்கவில்லை. அண்மை இரத்தப் பரிசோதனையை எடுத்துப் பார்த்தார். வெள்ளை அணுக்களும் தட்டணுக்களும் இறங்கியிருந்தால் சின்சே குத்தும் அக்குபஞ்சர் ஊசி கூடாது, கிருமி தொற்றும், இரத்தம் கசியும் என்றார். எனக்கு இரண்டும் சரியாக இருந்தன. "ஊசி குத்திக்கொள்ளலாம். மருந்துப் பொட்டலம் கொடுத்தால் எங்களிடம் காட்டாமல் குடிக்காதீர்கள்" என்றார். இந்தப் பதிவில் நான் சொல்ல வருவதும் இது ஒன்றைத்தான்.

என் சின்சே ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண்மணி. இரண்டு மணிக்கட்டிலும் மூன்று மூன்று விரல் வைத்து நெடுநேரம் நாடி பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார். பிறகு கேள்விகள். அடிவயிறு குளிர்ச்சியாக இருக்கிறதா? நீர் தெளிவாக இருக்கிறதா, மஞ்சளா? இரவில் எத்தனை தடவை? இருமினால் கசிகிறதா? கால் கனக்கிறதா? என் உடம்பைப் பற்றி அவ்வளவு நேரம் யாரும் என்னைப் பேசவிட்டதில்லை. அவர்கள் கணக்குப்படி, பெரிய ஆபரேஷன் உடம்பின் 'சீ'யை, அதாவது உயிர்ச்சக்தியை, குலைத்துவிடுகிறது, சிறுநீரகத்தின் சக்தி தளர்ந்தால் பைக்கு நீரைத் தள்ளும் வலு இருக்காது. என் டாக்டர் நரம்பு என்கிறார், இவர் சீ என்கிறார். இரண்டையும் முடிச்சுப்போட நான் முயலவில்லை.

ஊசி குத்திய இடங்களைச் சொல்ல வேண்டும், அதில் எனக்கு ஆச்சரியம் இருந்தது. குப்புறப் படுக்கவைத்து, இடுப்புக்குப் பின்னால் உள்ள திரிக எலும்பின் மேல் விரலால் அழுத்தி அழுத்தித் துளைகளைத் தேடினார். அந்த எலும்பில் இரண்டு பக்கமும் வரிசையாகத் துளைகள் உண்டு. சிறுநீர்ப்பைக்கான நரம்புகள் அவற்றின் வழியாகத்தான் வெளியே வருகின்றன. புது உறையைப் பிரித்து, முடி போன்ற ஊசியை அங்கே ஆழமாக இறக்கினார். குத்தும்போது வலிக்கவில்லை. ஓரிடத்தில் மட்டும் மரத்துப்போனது மாதிரி ஒரு கனம் உள்ளே பரவியது. "சுவான் ஆ?" (கடுக்கிறதா?) என்று கேட்டுத் தலையாட்டினார். பிறகு ஊசிகளில் கிளிப் மாட்டி மெல்லிய மின்துடிப்பு கொடுத்தார்.

இன்னொரு இடம் உள்கணுக்காலுக்கு மேலே நான்கு விரற்கடை. காலில் குத்தினால் மூத்திரப்பைக்கு என்ன சம்பந்தம் என்று தோன்றும். அங்கே ஓடும் நரம்பின் வேர் முதுகுத்தண்டின் அடியில், பைக்குப் போகும் நரம்புகளோடு ஒரே இடத்தில் இருக்கிறது. அடிக்கடி அவசரமாக வருகிறவர்களுக்கு மேற்கத்திய மருத்துவத்திலும் அதே நரம்பைக் கணுக்காலருகே மின்சாரத்தால் தூண்டுகிறார்கள், வாரம் ஒருமுறை அரை மணி நேரம், 12 வாரம். ஆனால் எனக்கு இடது காலில் குத்தவில்லை. இடுப்புக் கணுக்களை எடுத்ததில் அந்தக் கால் லேசாக வீங்கியிருந்தது. வீங்கிய காலில் குத்தினால் புண்ணாகிக் கிருமி ஏறலாம் என்று அவரே ஒதுக்கிவிட்டார். ஆபரேஷன் பண்ணின இடத்தைச் சுற்றித் தோல் மரத்திருந்ததால் மூலிகைத் திரி கொளுத்திச் சூடு காட்டுவதையும் வேண்டாம் என்றார். சுட்டாலும் எனக்குத் தெரியாதே. வேண்டாம் என்று சொன்ன இந்த இரண்டு இடத்தில்தான் அவர்மேல் எனக்கு நம்பிக்கை வந்தது.

ஆதாரம் இருக்கிறதா என்று கேட்பவர்களுக்கு: 2017இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் 'ஜாமா' இதழில் சீனாவில் நடந்த ஓர் ஆய்வு வந்தது. இருமினால், தும்மினால் கசியும் 504 பெண்கள். திரிகப் பகுதியில் மின்துடிப்பு ஊசி, 6 வாரத்தில் 18 தடவை. உண்மை ஊசி போட்டவர்களுக்குக் கசிவு சராசரியாக 9.9 கிராம் குறைந்தது, போலி ஊசி போட்டவர்களுக்கு 2.6 கிராம். நல்ல முடிவுதான். ஆனால் அது கசிவுக்கு, புற்றுநோய் ஆபரேஷனுக்குப் பிறகு நீர் தேங்குவதற்கு இல்லை. தேக்கத்துக்கு உள்ளவை பெரும்பாலும் சின்னச் சின்ன ஆய்வுகள். அதனால் எனக்கு ஊசியால்தான் தேறியது என்று சத்தியம் செய்ய மாட்டேன். மிச்ச நீர் வாராவாரம் குறைந்தது, பை நிறைந்தால் அடிவயிற்றில் ஒரு கனம் தெரியத் தொடங்கியது, ஒருநாள் டியூபைப் பெட்டியில் போட்டு வைத்தேன். நாளாக நாளாக நரம்பே தேறியிருக்கலாம், ஊசி கைகொடுத்திருக்கலாம்.

மருந்து விஷயம் வேறு. சின்சே கொடுத்தது தூள், ஒரு வேளைக்கு ஒரு பாக்கெட். என்னென்ன கலந்திருக்கிறது என்று ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னேன், செடிகளின் தாவரவியல் பெயரோடு. அந்தத் தாளை மருத்துவமனை மருந்தாளரிடம் கொடுத்தேன். அவர் ஒன்றின்மேல் கோடு போட்டார்: அதிமதுரம். நமக்கும் தெரிந்த சரக்குதான். ஆனால் நாள்கணக்கில் குடித்தால் இரத்த அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தை இறக்கும். நான் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவள். சின்சேயிடம் சொன்னதும் மறுபேச்சில்லாமல் எடுத்துவிட்டார். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தாங் குவேய் என்ற சீன வேர் விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும், அது இரத்தத்தை இன்னும் இளக்கிவிடும்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. நீர்க்கடுப்புக்குக் கொடுக்கும் பழைய சீனக் கூட்டுமருந்துகளில் மு தோங் என்ற கொடித்தண்டு சேரும். அந்தப் பெயரில் விற்ற ஒரு வகையில் அரிஸ்டோலோக்கிக் அமிலம் இருந்தது. அது சிறுநீரகத்தைக் கெடுக்கும், சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயையே உண்டாக்கும். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலிய மருந்து சாப்பிட்ட பெண்களுக்கு நடந்தது இதுதான். ஒரு வேருக்குப் பதில் இன்னொரு வேர் கலந்து, நூறு பேருக்கு மேல் சிறுநீரகம் பழுதானது. சிங்கப்பூரில் அந்தச் செடிகளுக்குத் தடை உண்டு. ஆனால் சுற்றுலா போன இடத்தில் வாங்கி வருவதையும் இணையத்தில் வரவழைப்பதையும் யார் பார்க்கிறார்கள்? சீன மருந்தைத்தானே சொல்கிறாள் என்று நினைக்காதீர்கள். நம் ஆடுதின்னாப்பாளையும் ஈசுவரமூலியும் அதே குடும்பம், அதே அமிலம். ஊரிலிருந்து பெயர் எழுதாத பொடி டப்பா வந்தால் தயவுசெய்து ஓரமாக வையுங்கள். அத்தையின் நெருஞ்சி முள்ளையும் நான் மருந்தாளரிடம் காட்டினேன். அவர் வேண்டாம் என்றதும், அத்தை கொஞ்சம் வருத்தப்பட்டார், பிறகு பார்லித் தண்ணீருக்கு மாறிவிட்டார்.

இரண்டு இடத்துக்கும் ஒரே நோட்டைக் கொண்டுபோனேன். எத்தனை மணிக்குக் குடித்தேன், எத்தனை மணிக்குப் போனேன், எவ்வளவு வந்தது, டியூபில் எவ்வளவு மிச்சம் எடுத்தேன். அளக்க ஒரு பிளாஸ்டிக் ஜாடி போதும். டாக்டரும் சின்சேயும் ஒரே பக்கத்தைப் பார்த்துப் பேசினார்கள். இன்றைக்கும் நான் உணர்ச்சி வரும்வரை காத்திருப்பதில்லை, மூன்று நான்கு மணிக்கொருமுறை கடிகாரம் பார்த்துப் போகிறேன். ஜோகூர் பாலத்தில் நெரிசல் என்றால் பஸ் ஏறுமுன் ஒருமுறை.

சின்சே முதல் நாளே ஒன்று சொல்லி அனுப்பினார், ஆன்ட்டி அதை இரண்டு தடவை மொழிபெயர்த்தார். காய்ச்சல், குளிர் நடுக்கம், விலாப்பக்கம் வலி, நீரில் இரத்தம், அல்லது அடியோடு நின்றுபோவது: இவற்றில் எது வந்தாலும் தன்னிடம் வரக்கூடாது, இரவானாலும் நேராக மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.