ஹீட்டட் ஜாக்கெட் வாங்கும் முன்

லடாக் பக்கம் குளிரில் பைக் ஓட்டப் போறவங்க முதலில் பார்க்க வேண்டியது வண்டியின் ஆல்டர்னேட்டரைத்தான், அதாவது எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தயாரிக்கும் பாகத்தை. ஜாக்கெட்டுக்குள் போடும், மின்சாரத்தில் சூடாகும் 12 வோல்ட் லைனர் 90 வாட் என்றால் வண்டியிலிருந்து ஏறக்குறைய 7.5 ஆம்பியர் இழுக்கும். அதேபோல சூடாகும் க்ளவுஸ் ஜோடி 25 வாட் என்றால் இன்னும் 2. ஹெட்லைட், இக்னிஷன் போக மிச்சம் இருக்கிறதா? ஐடிலில், அதாவது ஆக்ஸிலேட்டர் கொடுக்காமல் எஞ்சின் ஓடும்போது, ஆல்டர்னேட்டர் குறைவாகத்தான் தரும், டிராஃபிக்கில் நின்றால் பேட்டரி இறங்கிவிடும்.

இரண்டும் சேர்ந்து வாங்கக் காசில்லையா? லைனரை முதலில் வாங்குங்க. நெஞ்சு சூடாக இருந்தால்தான் விரலுக்கு ரத்தம் ஓடும்.

வயரை பேட்டரியிலிருந்தே எடுங்க, பாசிட்டிவ் முனைக்கு ஒட்டி 15 ஆம்பியர் ஃப்யூஸ் கட்டாயம். லைனர் மெல்லிய பனியன் மேல் இறுக்கமாக உட்காரணும். தொளதொளவென்று இருந்தால் சூடு உடம்புக்கு வராது. 7.4 வோல்ட் க்ளவுஸை வண்டியின் 12 வோல்ட்டில் மாட்டிடாதீங்க, கம்பி கருகும்.