ரஸ்ஸல் எத்தனை பிளாக் செய்தார்?
கூடைப்பந்து வீரர் பில் ரஸ்ஸல், அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்பிஏவின் பட்டத்தை 11 முறை வென்றவர். தடுப்பாட்டத்தின் பிதாமகன். ஆனால் அவர் எத்தனை பிளாக் (எதிரணியின் ஷாட்டைக் கையால் தட்டித் தடுப்பது) செய்தார் என்பதற்கு என்பிஏவிடமே அதிகாரபூர்வக் கணக்கு கிடையாது. பிளாக்கையும் ஸ்டீலையும் (எதிரணியிடமிருந்து பந்தைப் பறிப்பது) எண்ணத் தொடங்கியதே 1973-74 சீசனில்தான். மனிதர் 1969லேயே ஓய்வு பெற்றுவிட்டார்.

சரி, எண்ண ஆரம்பித்த பிறகாவது தெளிவு வந்ததா? பாதிதான். பிளாக் செய்த பந்து பார்வையாளர்கள் மடியில் போய் விழுந்தாலும் கணக்கில் ஒன்று, சக வீரர் கைக்கு வந்தாலும் ஒன்று. கூட்டத்துக்குள் போனால் பந்து மறுபடி எதிரணிக்கே, ஆனால் கைதட்டல் அதற்குத்தான் அதிகம்! ஸ்டீலுக்குப் பாய்ந்து ஏமாந்தால் மிச்சம் நாலு பேர் ஐந்து பேரைச் சமாளிக்க வேண்டும். அது எந்தக் கணக்கிலும் ஏறாது.

தடுப்பாட்டக்காரர் ஷேன் பேட்டியர் ஆடிய காலத்தில், நட்சத்திர வீரர் கோபி பிரையண்டை மறிக்கும்போது பந்தைத் தட்டப் போகமாட்டார். கையை நேராக கோபியின் கண்ணுக்கு முன்னால் நீட்டுவார். ஷாட் தவறினால் கோபி கணக்கில் ஒரு தவறு, பேட்டியர் கணக்கில் ஒன்றுமில்லை.

2013-14 சீசனில் எல்லா அரங்குகளிலும் கேமரா வந்தது. ஷாட் அடிப்பவருக்கு மிக அருகில் யார் நின்றார் என்று இப்போது தெரியும். நல்லதுதான். ஆனால் வளையத்தடியில் தடுப்பாட்டத்துக்குப் பேர்போன ரூடி கோபேர் நிற்பதைப் பார்த்ததுமே உள்ளே வராமல் பந்தை வெளியே பாஸ் செய்கிறானே ஒருவன், அதை யார் பெயரில் எழுதுவது?