கொடாக் விற்றதும் ஃபூஜி வைத்திருந்ததும்

உயர்தர வகுப்புக்கு வணிகக் கல்வி படிப்பிக்கிற எனக்கு ஒவ்வொரு வருடமும் சிவப்புப் பேனையால் கீறவேண்டி வருகிற ஒரு வசனம் உண்டு: "டிஜிட்டல் தொழில்நுட்பத்தைக் கண்டுகொள்ளாததால் கொடாக் அழிந்தது." கமெரா பிலிம் விற்ற அமெரிக்கக் கொம்பனிதான் கொடாக். ரியூசன் நோட்ஸிலும் யூடியூப்பிலும் இதுதான் ஓடுகிறது. இந்தமுறை கொக்குவில் வகுப்பில் ஒரு பிள்ளை எழும்பி, "சேர், டிஜிட்டல் கமெராவைக் கண்டுபிடிச்சதே அவைதானே, பிறகென்னெண்டு கண்டுகொள்ளாமல் விட்டவை?" என்று கேட்டாள். நல்ல கேள்வி.

கண்டுபிடித்தது உண்மை. 1975இல் ஸ்டீவன் சாசன் என்ற கொடாக்கின் இளம் பொறியியலாளர் அமெரிக்காவின் ரொச்செஸ்டர் நகரில் அதைச் செய்தார். நிறை மூன்றரைக் கிலோவுக்கு மேல். ஒரு கறுப்பு வெள்ளைப் படம் கசெற்றில் பதிய 23 செக்கன். மேலிடத்துக்கு அது பெரிதாகப் பிடிக்கவில்லை. ஆனால் கதை அதோடு முடியவில்லை. 2005இல் அமெரிக்காவில் டிஜிட்டல் கமெரா விற்பனையில் முதலிடம் கொடாக்குக்குத்தான். விற்றார்கள், லாபம்தான் நிற்கவில்லை.

ஏன் என்று என் மாமாவைக் கேட்டால் சொல்லுவார். ரவுணில் ஸ்ரூடியோ வைத்திருந்தவர். ஒரு சாமத்தியவீட்டுக்குப் போனால் மூன்று நாலு றோல் முடியும். றோலுக்குக் காசு, கழுவக் காசு, பிரிண்டுக்குக் காசு. அப்புறம் கனடாப் பெரியம்மாவுக்கு ஒரு செற், லண்டன் சித்தப்பாவுக்கு ஒரு செற் என்று அதே நெகட்டிவில் திரும்பவும் காசு. "கமெராவில என்ன உழைப்பு மோனை, கடதாசியிலதான் உழைச்சனாங்கள்" என்பார். கொடாக்கின் கணக்கும் அதுவேதான். பிலிம், கடதாசி, கழுவுகிற இரசாயனம் மூன்றிலும் கொழுத்த லாபம். டிஜிட்டல் கமெராவை வாங்கியவன் திரும்பக் கடைக்கு வரத் தேவையில்லை. போதாக்குறைக்குக் கமெராவே போனுக்குள் போய்விட்டது. மாமாவின் கடை கடைசியில் அடையாள அட்டைப் படத்திலும் பாஸ்போட் படத்திலும்தான் ஓடியது.

ஆக, பிலிம் சாவதை யாராலும் தடுத்திருக்க முடியாது. கொடாக்கின் போட்டியாளரான ஜப்பானிய ஃபூஜியின் பிலிமும்தான் செத்தது. அப்படியிருக்க ஒருவன் விழுந்தான், மற்றவன் நின்றான். ஏன்?

பிலிம் செய்வது அடிப்படையில் இரசாயனத் தொழில். ஃபூஜி அந்த அறிவைக் கையில் வைத்துக்கொண்டு வேறு வேலை தேடியது. எல்சிடி திரைகளுக்குத் தேவையான மெல்லிய படலம் செய்தது. பிலிம் செய்யப் பயன்பட்ட, தோலிலும் இருக்கிற கொலாஜன் என்ற புரதத்தைப் பற்றிய அறிவைக் கொண்டு 2007இல் அஸ்டாலிஃப்ட் என்ற முகக்கிறீமே விற்றது! மருத்துவப் படக் கருவிகளையும் விடாமல் பிடித்துக்கொண்டது.

கொடாக்கிடமும் இதெல்லாம் இருந்தது என்பதுதான் பலர் சொல்லாத பகுதி. 1920இல் தொடங்கிய ஈஸ்ற்மன் கெமிக்கல் என்ற பிரிவு இருந்தது, மருத்துவப் படப் பிரிவும் இருந்தது. 1988இல் ஸ்ரேர்லிங் ட்றக் என்ற மருந்துக் கொம்பனியை 510 கோடி டொலருக்கு வாங்கிக் கடனைத் தலையில் ஏற்றிக்கொண்டது. 1994இல் அந்த மருந்துக் கொம்பனியைத் துண்டு துண்டாக விற்றது. அதே வருடம் ஈஸ்ற்மன் கெமிக்கலையும் தனியாகப் பிரித்துவிட்டது. இனிப் படத்தொழிலில் மட்டும் கவனம் என்றார்கள். 2007இல் மருத்துவப் படப் பிரிவும் கைமாறியது. நல்ல தண்ணீர்க் கிணற்றோடு இருந்த தோட்டக்காணியை விற்று நல்லூர்த் திருவிழாவில் கடை போட்ட கதை. 2012 ஜனவரியில் வங்குரோத்துப் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. ஈஸ்ற்மன் கெமிக்கல் இன்றும் தன் பாட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது.

1994இல் அந்த மேசையில் இருந்தவர்களை முட்டாள்கள் என்று சொல்ல எனக்கு மனமில்லை. கடன் கழுத்தை நெரித்தது, பிலிமோ இன்னும் நன்றாக விற்றுக்கொண்டிருந்தது. என்னைக் கேட்டால் பிழை நடந்த வருடம் 1975 அல்ல, 1988.

நொக்கியாவும் அழிந்துவிட்டது என்று எழுதுகிறார்கள். போன் பிரிவு விழுந்தது உண்மை. 2011 பெப்ரவரியில், தங்கள் போன்களை ஓட்டிய சிம்பியன் என்ற மென்பொருளைக் கைவிட்டு மைக்ரோசொஃப்ற்றின் விண்டோஸுக்கு மாறுகிறோம் என்று, கையில் ஒரு விண்டோஸ் போன்கூட இல்லாத நேரத்தில் பகிரங்கமாக அறிவித்தார்கள். கைவிடப்போகிற போனைக் காசு கொடுத்து யார் வாங்குவான்? 2013இல் போன் பிரிவை மைக்ரோசொஃப்ற்றுக்கு விற்க ஒப்புக்கொண்டார்கள். ஆனால் அதே வருடம், தொலைபேசிக் கொம்பனிகளுக்குக் கருவி செய்து கொடுக்கிற நெற்வேர்க் தொழிலில் கூட்டாளியான ஜேர்மன் சீமென்ஸிடம் இருந்த பங்கையும் வாங்கித் தங்களுடையதாக்கிக் கொண்டார்கள். அந்தத் தொழில்தான் இன்றைய நொக்கியா.

அடுத்த கிழமை வகுப்புக்குக் கேள்வி தயார்: நீங்கள் 1993இல் கொடாக் பணிப்பாளர் சபையில் இருக்கிறீர்கள், கடன் கட்ட ஏதாவது ஒன்றை விற்றே ஆகவேண்டும், எதை விற்பீர்கள்? "பிலிமை" என்று எழுதுகிற பிள்ளை, அதை அந்த வருடத்துப் பங்குதாரர்களிடம் எப்படிச் சொல்வது என்றும் எழுதவேண்டும். சோதனைக்கு இது வராது, பெற்றோர் கோபிக்க வேண்டாம்.